நான்கு இழுப்பறை

கந்தோரைக் கலைத்த அன்று
மேசைகளை ஒருவன் எடுத்தான், மின்விசிறிகளை இன்னொருவன்.
கோப்புகள் வைத்த இரும்பு அலுமாரியை
நான் நிறுத்து வாங்கினேன், பழைய இரும்பு விலைக்கு.
பத்தொன்பது வருடம் அதற்குள் கைவிட்டவன் என்று
ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மட்டக்குளியில் மூன்று மாடி ஏற்றி மொட்டைமாடிக்கு.
பின்பக்கம் தாங்கி வந்த ரொஹான் மூச்சிரைக்கக் கேட்டான்:
"உள்ளுக்க என்ன அண்ணை, பிணமோ?"
காற்று, என்றேன்.

முதல் நாள் வெறும் பெட்டியை எரித்தேன்.
சாம்பல் நிறப் பூச்சு கொப்பளித்து உரிந்து விழுந்தது.
தகரத்தில் அடித்த பெயர்கள் மட்டும் போகவில்லை,
மேலிருந்து கீழே:
தீ. கடல். வாகனம். ஆயுள்.

நெருப்பு அடியில்தானே இருக்க வேண்டும்.
ஆயுளுக்குள் சிரட்டைக் கரி,
அதன் மேல் ஈரம் காயாத கறுவாக் கட்டை.
வாகனத்தின் தட்டு முழுக்கத் துளை, புகை ஏற.
இறைச்சி கடலிலும் தீயிலும்.

நிலாம் நானா கடையில் நாலு கிலோ,
தொடைப்பக்கம், கொழுப்பு ஒட்டாமல்.
நாளை போயா, கடையில் கால் வைக்க இடமில்லை.
"கறிக்கா?"
"காயவைக்க."
கத்தி நின்றது. "கொழும்பிலயா? இந்த ஈரக்காத்துலயா?"
சனத்துக்குள் யாரோ சிரித்தார்கள்.

பாதி உறைந்த பதத்தில்தான் மெல்லிசாக வெட்ட வரும்,
நார் ஓடும் திசையிலேயே, விரல் அகலத்தில்.
உப்பு, இடித்த மிளகு, கொறுக்காய் ஊறிய தண்ணீர்,
கொஞ்சம் சோயா சோஸ்.
நள்ளிரவில் பெனடிக்டா பிரிட்ஜைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாள்.
"வேலை தேடுற ஆள் செய்யிற வேலையா இது?"
உப்புக் காணுமா என்று கேட்டேன்.

கொக்கிக்கு,
கந்தோரில் இருந்து சொல்லாமல் கொண்டுவந்த ஒரே பொருள்:
கடதாசிக் கிளிப், ஒரு பெட்டி.
நிமிர்த்தி வளைத்தால் ஒவ்வொன்றும் ஒரு துண்டைத் தாங்கும்.

காலை ஆறுக்குப் பற்றவைத்தேன்.
முதலில் காகங்கள் வந்தன, தண்ணீர்த் தாங்கியில் வரிசையாக.
பிறகு சோமலதா.
கம்பியில் அவளுடைய வெள்ளைச் சாறி,
பன்சலைக்கு உடுக்க இரவே தோய்த்து விரித்தது.
என் புகை அதற்குள்ளால் போய்க்கொண்டிருந்தது.
போயாவை இறைச்சிக்கடைக்காக மட்டும்
கலண்டரில் பார்த்தவன் நான்.

அவள் கத்தவில்லை. முந்தானையை மூக்கில் வைத்து
என்னிடம் நீட்டினாள்.

"தீயின்றிப் புகையினால் மட்டும் நேர்ந்த சேதத்துக்கு
நட்டஈடு வழங்கப்படமாட்டாது."
எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் இந்த வரியை.
கொஸ்கஸ்சந்தியில் ஒரு தையல்காரருக்கு
இரண்டு தரம்.

தாங்கிக் குழாயடியில் குந்தி
ஆறு முழ வெள்ளையை சவர்க்காரம் போட்டுக் கும்மினேன்,
நீலம் நாலு சொட்டு,
இடையில் ஓடிப்போய் ஆயுளுக்கு இன்னொரு கட்டை,
திரும்பி வந்து அலசல்.
கையில் பட்ட கரி விளிம்பில் பட்டு
விளிம்பை மட்டும் மறுபடி.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து
மற்றக் கம்பியில் விரித்தேன்.
பதினொன்றுக்குக் காய்ந்தது. மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கதவு பாதிதான் திறந்தது.

நாலு மணிக்கு ஒன்றை எடுத்து வளைத்தேன்.
வெடிப்பு விழ வேண்டும், இரண்டாகக் கூடாது.
விழுந்தது.
நாலு கிலோ ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது.
பெனடிக்டா கடித்து, "கல்லு" என்றாள்,
இன்னொன்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாலையில் படியில் சோமலதா.
மணம் போகவே இல்லை, என்றாள்.
பக்கத்தில் இருந்தவள் கேட்டாளாம்,
இது எந்தக் கடை ஊதுபத்தி என்று.
சிரிக்கவில்லை.
அடுத்த தரம் நாளைப் பார், என்றாள்.

மேலே போனபோது
கடல் அரை அங்குலம் திறந்து கிடந்தது.
ஒரு காகத்தின் வாயில் நீளமாக ஒரு துண்டு.
காலால் மிதித்து இழுத்தது, அறவில்லை,
விழுங்கப் பார்த்தது, இறங்கவில்லை.
மற்றவை பறந்து போய்விட்டன.
இருட்டும் வரை அது தாங்கி விளிம்பிலேயே இருந்தது,
விடாமல்.