கை

படத்தை ஸ்கேனர் மேல் கவிழ்த்துவிட்டு
லாரன்ஸ் ரோடு ஸ்டுடியோ பையன் கேட்டான்:
'எந்த வருஷம் சார்?'

அறுபத்திரண்டு. மஞ்சக்குப்பம் மைதானம்.
துறைமுகத் தொழிலாளர் மாநாடு முடிந்த மறுநாள்.
நாற்காலியில் அப்பா, வெயிலுக்குக் கண் சுருங்கி.
பக்கத்தில் கல்யாணமாகி ஒன்பது நாளான அம்மா;
சங்கத்தில் எடுத்துக் கொடுத்த சிவப்புச் சேலை
படத்தில் கறுப்பாக.
பின்னால் பாதிக் கொடி.
அப்பாவின் இடது தோளில் ஒரு கை.
மணிக்கட்டு வரைக்கும்தான்.
அதற்கப்பால் பிளேடு போன நேர்கோடு.

தணிகாசலம் சித்தப்பா.
அறுபத்து நாலில் கட்சி இரண்டானபோது
அப்பா இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.
மாஸ்கோவையோ பீகிங்கையோ
இருவரில் ஒருவரும் பார்த்ததில்லை.
முதுநகரில் ஒரே சுவருக்கு இரண்டு வீடு.
அங்கே இருமினால் இங்கே கேட்கும்.
எங்களில் யாரும் இருமாத நாளிலும்
அம்மாவின் அடுப்பில் மிளகு ரசம் இருக்கும்.

எண்பத்தெட்டில் எனக்குக் கல்லூரி,
நிறைய வாய்.
சுடப்பட்டவர்களின் முகங்களைப்
படங்களிலிருந்து சுரண்டி எடுத்ததை
அவர்களே ஒப்புக்கொண்டார்களாம் என்று
சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொன்னேன்.
அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.
'தேவைப்பட்டிருக்கும்' என்றார்.
அம்மா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.
ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.
பீரோ நாலடி தள்ளி இருந்தது.

சித்தப்பா செத்தது தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட் கடைசி.
அவர்கள் ஆட்கள் வந்து கொடி போர்த்தினார்கள்.
அப்பா போகவில்லை.
அங்கே சிலைகளைக் கிரேன் வைத்து இறக்குவதாக
ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.
அவர் அழுதது எதற்கென்று
வீட்டில் எவரும் கேட்கவில்லை.

தானே புயலில் ஓடு பறந்து
பீரோவுக்குள் தண்ணீர்.
கொடி கரைந்தது. அம்மாவின் வாய் கரைந்தது.
அப்பாவுக்கு நெற்றிக்கு மேல் வெறும் பாசி.
கை மட்டும் அப்படியே இருக்கிறது,
சுண்டுவிரல் நகம்கூடத் தெரிகிறது,
சட்டையை லேசாகக் கசக்கிப் பிடித்திருப்பதும்.

பையன் பெரிதாக்கினான்.
'முகமெல்லாம் சரி பண்ணிடலாம் சார்.
அம்மாவுக்குக் கலர் போட்டுடறேன்.
இந்தக் கைதான் உறுத்துது,
யாரோடதுன்னே தெரியல.
எடுத்துடவா? அஞ்சு நிமிஷ வேல.'

மவுஸ் மேல் அவன் விரல் காத்திருந்தது.
எவ்வளவு ஆகும் என்றேன்.
கேட்ட குரல் எனக்கே பழக்கமான வேறொரு குரல்.

'எடுக்க நூறு ரூபா சார்.
விட்டுட்டா ஒண்ணும் இல்ல.'