அறுபத்து மூன்றாவது கழுந்து

வளையல்கள் ஆணியில்.
துப்பட்டா பைக்குள்.
கையுறை வேண்டாம்: ரம்பப் பல் ஒரு நூலைப் பிடித்தால்
கையையும் கேட்காமல் கூட்டிப்போகும்.

பண்ருட்டிப் பலா. இருபத்திரண்டு ஜன்னல்,
ஜன்னலுக்கு இரண்டு கதவு, கதவுக்கு நான்கு கழுந்து,
கழுந்துக்கு நாலு வெட்டு.
பெருக்கிப் பார்க்காதே என்கிறான் சகாயராஜ்.
பார்த்துவிட்டேன்.

முதலில் தோள். பிறகு கன்னம்.
கன்னம் வெட்ட மரம் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும்.
கைப்பிடியை நம்பாமல்
சட்டத்தில் நிறுத்தி கிளாம்பை முறுக்குகிறேன்,
இன்னும் அரைச் சுற்று.
வெட்டுப்பட்ட துண்டு வெளிப்பக்கம் விழட்டும்.
அலகுக்கும் தடுப்புக்கும் நடுவே மாட்டினால்
அது துண்டு இல்லை, கவண்கல்.
அதனால் நேர் பின்னால் நிற்பதில்லை:
கடன் கொடுத்தவர் வந்திருக்கும் கல்யாணத்தில்
நிற்பதுபோல, ஓரமாக.

அறுபத்து மூன்றாவதில் கரண்ட் போனது.
முதுநகரில் மூன்று தூறல் போதும் அதற்கு.

அலகு உடனே நிற்கவில்லை.
ஓடிய ஞாபகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றி,
பல்லை எண்ணலாம்போல் நின்றது.
உப்பனாற்றுப் பக்கம் ஒரு படகு இருமியது.
கருவாட்டு வாசனை அப்போதுதான் தெரிந்தது.

பல்லுக்கு அடியில் ஒரு சிம்பு.
"கரண்ட்தான் இல்லையே, எடுத்துடு"
என்றார் கலியமூர்த்தி, போனை மார்பில் அழுத்தி.
விரல் பாதி தூரம் போய்விட்டது.

சுவிட்ச் ஆனிலேயே இருந்தது.

சுவர்வரை நாலு எட்டு.
பிளக்கைப் பிடுங்கி
என் டிபன் பாக்ஸ் மேல் வைத்துவிட்டு வந்து
சிம்பை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வந்தது. ஃபேன் கிளம்பியது.
அடுத்த பட்டறையின் இழைப்பு மிஷின்
விட்ட இடத்திலிருந்து கத்தியது.
எங்கள் அலகு
என் சுட்டுவிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
சும்மா இருந்தது.

சகாயராஜ் விளக்குமாறைப் பார்த்தான்.
"ஆங், சொல்லுங்க" என்றார் கலியமூர்த்தி,
போனில், வேறு குரலில்.

விபத்துப் பதிவேட்டில்
தேதி, நேரம், உறுப்பு என்று கட்டங்கள்.
நடக்காததை எங்கே எழுத?
சுவிட்சை அணைத்து, பிளக்கைச் செருகி,
அறுபத்து நாலு.

ஆறு மணிக்குக் கை கழுவினேன்.
முழங்கைவரை ஏறிய பலா மஞ்சள் போகவில்லை.
வளையலை எடுத்தேன்.
ஒரு தடவை தவறியது,
இன்னொரு தடவையும்.
அப்போதுதான் பார்த்தேன்,
கை நடுங்கிக்கொண்டிருந்தது.