கெண்டிக்கு ஒன்று

யூய்ஸ்ட் தீவை விட்டு
நோர்டனுக்குக் குடிவந்தோம், போன அக்டோபரில்.
குதிரை வண்டியில் படகுத்துறை வரை
பதினேழு பெட்டிகள்.
பதினேழும் கரை சேர்ந்தன.
தேயிலைக் கரண்டியைத்தான் காணோம்.

வேறு கரண்டி இல்லையா என்று கேட்காதீர்கள்.
இருபத்தொன்று இருக்கின்றன, எண்ணிவிட்டேன்.
ஆளுக்கு ஒன்று, கெண்டிக்கு ஒன்று என்று
நாற்பது வருடம் நான் அளந்த அந்த ஒன்று
இந்த இருபத்தொன்றில் எதிலும் இல்லை.

அதன் வாயோரம் ஒரு பக்கம் சப்பளிந்திருக்கும்.
ஃபோக்கோ அதை வைத்துப்
பெயின்ட் டப்பா நெம்பியதன் வடு.
அந்தச் சரிவில் நிற்காமல்
நாலைந்து இலை எப்போதும்
டப்பாவுக்கே திரும்பி உதிரும்.
உதிர்ந்தது போக மிச்சம்தான்
எங்கள் வீட்டில் ஒன்று.

இது உறைக்காமல்
முதல் நாள் ஜாம் கரண்டியால் அளந்துவிட்டேன்.
கற்கண்டு படீரென்று வெடித்தது,
பாலேடு மேகமாக எழுந்தது,
எல்லாம் முறைப்படிதான்.
ஒரு வாய் குடித்தார்.
ஜன்னலைப் பார்த்தார்.
மூன்று கோப்பைக்கு முன்னால்
யாரும் எழுந்திருக்காத ஊர் எங்களுடையது.
முதல் கோப்பையிலேயே
தன் கரண்டியை உள்ளே சாய்த்து வைத்தார்,
போதும் என்று.
நாற்பது வருடத்தில்
இதைவிடப் பெரிய வசவு வாங்கியதில்லை.

மறுநாள் தலைதட்டி.
அதற்கு மறுநாள் குவித்து.
ஒரு ஞாயிறு சிட்டிகை சிட்டிகையாக.
"கஷாயமா போடுகிறாய், ஓக்கா?"

தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவள் நான்.
கடிதம் இருபது கிராம் தாண்டினால்
முதலில் கை சொல்லும்,
தராசு பிறகுதான் சொல்லும்.
ஓய்வுபெற்ற அன்று அந்தத் தராசையே
என்னிடம் கொடுத்தனுப்பினார்கள்.
தூக்கி வைத்தேன் சமையல் மேசைமேல்.
ஆறு கிராம்.
ஆறரை.
ஏழு.
மின்கட்டண ரசீதின் முதுகில்
கோடு போட்டு நாலு பத்தி:
தேதி, கிராம், நிமிடம், ஃபோக்கோவின் முகம்.
நவம்பர் முழுக்க
நாலாவது பத்தியில் ஒரே எழுத்து.
ம்.

டிசம்பரில் கதவுக் கீல் அழத் தொடங்கியது.
எண்ணெய் எடுக்கத் தன் கருவிப்பெட்டியைத் திறந்தவர்
வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.
பிறகு வந்து
முகவரியில் ஆள் இல்லையென்று திரும்பிய கடிதம்போல
அடுப்போரம் எதையோ வைத்துவிட்டுப் போனார்.
துருவும் மரத்தூளுமாக,
வாய் சப்பளிந்து,
அதே கரண்டி.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
(கேட்காததை அவர் கேட்டிருப்பார்.)

மூன்று முறை கழுவினேன்.
கெண்டியைச் சூடுகாட்டி வைத்தேன்.
அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கெண்டிக்கு ஒன்று.
நாலைந்து இலை உதிர்ந்தன, பழைய பழக்கம் மாறாமல்.
இலை நனைய மட்டும் கொதிநீர்,
நாலு நிமிடம்,
பிறகு நிறைய.

குடித்தோம்.
இருவரும் ஒரே நேரத்தில் கோப்பையை இறக்கினோம்.
"இது இல்லை" என்றார்.
இல்லைதான்.

வேலிக்கு அப்பாலிருந்து வியூப்கே சிரித்தாள்:
"தண்ணீரை நினைத்தீர்களா?"
அங்கே மணல்மேட்டுக்கு அடியில்
மழை சேர்த்து வைத்திருந்த தண்ணீர்.
இங்கே குழாய் திறந்தால் வருவது வேறு.
இலையை அளந்தேன், நேரத்தை அளந்தேன்,
ஒரு மனிதனின் முகத்தைக்கூட அளந்தேன்.
தண்ணீரை மட்டும்
தண்ணீர்தானே என்று விட்டிருந்தேன்.

புத்தாண்டு முதல் தேநீர் அவர் பொறுப்பு.
"நீ உட்கார்" என்றார், உட்கார்ந்தேன்.
ஒருநாள் தார் மாதிரி,
ஒருநாள் கோப்பையின் அடி தெரிகிற மாதிரி.
கரண்டி மறுபடி கருவிப்பெட்டியில்.
உள்ளங்கையில் கொட்டி, உற்றுப் பார்த்து,
கொசுறாக ரெண்டு இலை சேர்த்துப் போடுகிறார்.

இன்று காலை ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்.
பத்திகள் தொடர்கின்றன, அவர் கோணல் எழுத்தில்.
தேதி உண்டு. கிராம் இல்லை. நிமிடமும் இல்லை.
நாலாவது பத்தியில், நேற்றைக்கு நேரே,
ஜன்னல்
என்று எழுதியிருந்தது.