இருபத்தைந்து குத்து

ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டைக்கு அப்பால்
கிரேனில் பாதியைப் பனிமூட்டம் தின்றுவிட்ட இரவு.
ஊருக்கெல்லாம் டிசம்பர் முப்பத்தொன்று.
எனக்கு ராஃப்ட் அடித்தளம், நானூறு கன மீட்டர்,
விடிவதற்குள் நாற்பது லாரி.

கிளம்பும்போது பார்த்தேன்.
அறைச் சுவரில் சுவிசேஷமுத்து
புது வருடத் தீர்மானங்களை எண் போட்டு ஒட்டியிருந்தான்.
மூன்றாவது: சிகரெட் கிடையாது.
ஒட்டின கையோடு பால்கனிக்குப் போய்
ஒன்று பற்ற வைத்தான். இன்னும் மணி ஆகலையே, என்றான்.

உன்னோடது எங்கே என்று என்னையும் கேட்டான்.
என்னுடையவை ஆறு வருடத்து டைரிகளில் கிடக்கின்றன.
அரபி படிப்பது. வட்டியை முடிப்பது.
தினமும் வீட்டுக்குப் பேசுவது,
பேசும்போது எரிந்து விழாமல் இருப்பது.
'இதுதான் கடைசி வருடம்', இது மட்டும் ஆறு தடவை,
ஒவ்வொரு தடவையும் வேறு பேனாவில்.

நான் கான்கிரீட் பரிசோதிக்கிறவன்.
தீர்மானங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு.
அச்சில் வார்த்து, தேதி எழுதி,
தண்ணீர்த் தொட்டியில் அடுக்கி வைத்து
இருபத்தெட்டாம் நாள் எடுத்து நொறுக்குவோம்.
எவ்வளவு தாங்கியது என்பது
உடைந்த பிறகுதான் தெரியும்.
தாங்கிய கட்டியும் தாங்காத கட்டியும்
ஒரே குப்பை வண்டியில் போகும்.

வாசலில் நிற்கும் லாரிக்கு அத்தனை நாள் பொறுமை கிடையாது.
இந்தக் கலவை இப்போது எப்படி இருக்கிறது?
அதற்கு அது ஒன்றே கேள்வி.

பதினொன்று ஐம்பத்தாறு. குல்ஜமானின் லாரி.
டேக் பகதூர் தள்ளுவண்டியில் கலவை கொண்டுவந்து சாய்த்தான்.
தகட்டைத் துடைத்து, கூம்பை நிறுத்தி
அதன் இரண்டு காதையும் மிதித்துக்கொண்டேன்.
முதல் அடுக்கு. கம்பியால் இருபத்தைந்து குத்து.
ஒன்று. இரண்டு.
பையில் போன் துடிக்கிறது.
ஜெபக்கனிதான். அங்கே மணி ஒன்றரை இருக்கும்.
கோயில் முடிந்து, என் பேருக்கு எடுத்த
வாக்குத்தத்தச் சீட்டைப் பிரிக்காமல் வைத்திருப்பாள்.
ஒன்பது. பத்து.
எண்ணிக்கை தவறினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

இரண்டாம் அடுக்கு.
கம்பி ஜல்லியில் உரசும் ஒலி.
உரசாமல் வழுக்கி இறங்கும் வேறோர் ஒலி.
இத்தனை வருடத்தில் இரண்டையும் பிரித்துக் கேட்டதில்லை.
கையுறைக்குள் வேர்வை. மூக்கில் சிமெண்ட், டீசல்,
எங்கிருந்தோ நனைந்த ஒட்டகத்தின் வாடை.

மூன்றாம் அடுக்கில் பதினேழோ, இல்லை, பதினெட்டு,
பனிக்குப் பின்னால் எங்கோ வாணம் வெடிக்கிறது.
பூ ஒன்றும் தெரியவில்லை.
பனி ஒரு கணம் ரோஸ் நிறமாகி
மறுபடி பனியானது.
பத்தொன்பது.

மேல்மட்டம் வழித்து, கைப்பிடி பற்றி
நேராக, திருகாமல்
ஐந்து விநாடியில் கூம்பைத் தூக்கினேன்.

அது நின்றது.
பிறகு
முதலாளி போன பின்னால் தோளைத் தொங்கவிடும் ஆளைப்போல
மெல்ல உட்கார்ந்தது.
அது உட்கார்ந்து முடிக்கும் வரை
எனக்கு வட்டிக்காரன் இல்லை.
விசா முடிகிற தேதி இல்லை.
விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மினுங்கும்
ஒரு சாம்பல் குவியல் இருந்தது.
அதன் எதிரே குத்துக்காலிட்டு நானும்.

நூற்றிருபது மில்லிமீட்டர்.
"ஓகே?" என்றார் குல்ஜமான்.
"ஓகே."
யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.
லாரி பின்னால் நகர்ந்து பீப் பீப் என்றது.

கட்டிகளில் முப்பத்தொன்று என்றெழுதி
கட்டைவிரலால் அழித்து
ஒன்று என்றெழுதினேன்.

பிறகு கூப்பிட்டேன்.
"சீட்டைப் பிரிக்கட்டா?"
"இரு. நீ இப்ப என்ன பண்ணிட்டிருக்க?"
நடுச்சாமத்தில் இதென்ன கேள்வி என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"சேலை மடிக்கேன். சின்னவன்
என் செருப்பைப் போட்டுக்கிட்டே தூங்கிட்டான்.
கழத்துனா முழிக்கான்."
"ரெண்டு காலுலயுமா?"
"இல்ல, இடது மட்டும்."
"வலது எங்க?"
தேடப் போனாள்.
அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்
அடுத்த லாரி ஹாரன் அடிக்கும் வரை.