பதினோரு வினாடி

ரிச்சி தெரு மாடி, ராத்திரி ஒன்பதரை.
எழுபத்தெட்டு சதவீதத்தில்
மூச்சு வாங்குகிறது கணினி.
ஸ்டூல் நுனியில் ஜெசிந்தா அக்கா.

வீட்டுக்காரர் இருக்கிற கப்பலுக்கு
காலையில் ஒரு பையன் கிளம்புகிறான்.
நடுக்கடலில் நெட் வராது.
சாப்பாட்டு அறையில் ஒரு பழைய டிவிடி பிளேயர்,
அவ்வளவுதான்.

வேலூரில் மகள் விளக்கேந்திய நர்சிங் விழா,
லீவு கிடைக்காமல் இவள்
போனில் பார்த்து, பதிந்து வைத்தது.
மகள் பெயரைக் கூப்பிட்டதும்
படம் உறைந்து
வட்டம் சுற்றுகிறது,
பதினோரு வினாடி.

"வெட்டிடவா அக்கா?"

"வேணாம்பா. இருக்கட்டும்.
அவரும் கொஞ்சம் தவிக்கட்டும்."

கடை பிளேயர் வட்டை விழுங்கி
யோசித்தது, இருமியது, ஓடியது.
முகங்கள் மட்டும் சற்று அகலமாய்.

சில்லறை கொடுக்கும்போது கேட்டேன்:
கப்பல் ஆடினா தாவாதா?

"ஆடாம எப்ப இருந்துச்சு" என்றபடி
படியிறங்கினாள்.