காரணம் என்ற கட்டம்

கொமொதோரோ ரிவதாவியாவில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, நேரே உள்ளே வருகிறது.
அதன் பின்னாலேயே விமானிகளின் கடிதங்கள்.
பதில் எழுதுவது என் வேலை.
மேசையில் கோள்களின் அட்டவணை, ஆறிப்போன மாதே,
'கண்டேன்' என்ற சொல்லைக் கண்டாலே
பென்சில் தேடும் விரல்கள்.
பதினாறு வருடம்.

"இறக்கையை ஒட்டி ஓர் ஒளி.
வேகம் கூட்டினேன், கூட்டியது.
குறைத்தேன், குறைத்தது.
நாற்பது நிமிடம் விடவே இல்லை."
வெள்ளி, கேப்டன்.
அவ்வளவு தொலைவில் இருப்பது
யாரோடும் கூடவே வரும்.

"கோத்துவிட்ட மணிகள்போல் விளக்குகள்,
ஒன்று எரிந்து அணைய, அடுத்தது."
செயற்கைக்கோள்கள்.
நமக்கு அஸ்தமித்துவிட்ட சூரியன்
அவற்றின் தகட்டில்
ஒரு கணம் முகம் பார்த்துக்கொள்கிறது.

"முன்கண்ணாடியில் நீல நரம்புகள் ஓடின.
துணை விமானி சிலுவை போட்டுக்கொண்டார்."
மேகத்தின் மின்னூட்டம், தீங்கில்லை.
சிலுவையைப் பற்றி
நான் ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் மாதம் வந்தது நெலிதா இதுர்ராஸ்பேயின் கடிதம்.
உஷுவாயாவிலிருந்து வடக்கே, நள்ளிரவு,
பதினோராயிரம் மீட்டர்.
"கிழக்கே, மேகத்தின் அடியில் ஒரு நகரம்.
பச்சை. வீதிகள்கூட இருந்தன.
வரைபடத்தில் அங்கே கடல் மட்டும்தான்.
தயவுசெய்து இதை
மருத்துவக் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள்."

கணவாய்ப் படகுகள், என்று எழுதினேன்.
இருநூறு மைல் எல்லைக்கு அப்பால்
நானூறோ ஐந்நூறோ.
படகுக்கு நூற்றைம்பது விளக்கு.
வெளிச்சம் பார்த்துக் கணவாய் மேலே வரும்,
தூண்டில் காத்திருக்கும்.
வணக்கம். கையொப்பம். முத்திரை.

ஏப்ரலில் ஒருநாள்
காற்று ஓடுபாதையை மூடிவிட்டது.
அலுவலக வாசலில் நெலிதாவே நின்றார்,
தொப்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு.
செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன்:
கறுப்புக் கடலில் கொட்டிய உப்பு.
வெகுநேரம் பார்த்தார்.
நகரம் இல்லை என்றதில் ஏமாற்றமா என்றேன்.
"இல்லை. இதில் எத்தனை பேர்?"

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
துறைமுகத்துக்குத் தொலைபேசினேன்.
அவர்களுக்கும் தெரியவில்லை.
பன்னிரண்டாயிரம் இருக்கலாம் என்றார்கள்,
அதிகமாகவும் இருக்கலாம்,
சிலர் இரண்டு வருடமாய்க் கரை மிதிக்காதவர்கள்.
நெலிதா எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
காபி குடித்தார். காற்று தணிந்ததும் போய்விட்டார்.

செப்டம்பரில், மொந்தெவிதேயோவின்
மாலுமிகள் விடுதியிலிருந்து ஓர் உறை.
யாரோ ஒரு பாதிரியார்
யாரோ ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது:
பெயர் தார்யோனோ, ஊர் தெகால், ஜாவா.
உடைந்த விரலோடு கரையிறக்கப்பட்டவர்.
"மே மாதம், மேகமில்லாத இரவு.
எங்கள் விளக்குகளுக்கு நடுவே நின்றால்
வானம் தெரியாது.
அன்று ஜெனரேட்டர் நின்றுபோனது.
தலைக்கு மேற்கே ஒரு வெள்ளை ஒளி
மூன்று முறை சிமிட்டியது.
கொஞ்சம் பொறுத்து, மறுபடி மூன்று முறை.
மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
நான் மட்டும் கையசைத்தேன்.
அது என்ன?"

தேதியைப் பயணப் பதிவோடு ஒப்பிட்டேன்.
உஷுவாயா, இரவு விமானம்.
கேப்டன்: இதுர்ராஸ்பே.
தரையிறங்கும் விளக்குகளை
அந்த உயரத்தில் யாரும் போடுவதில்லை.
விதி மீறல் என்று சொல்ல விதியும் இல்லை.

காரணம் என்ற கட்டத்தில்
'பயணிகள் விமானம்' என்று எழுதினேன்.
சரியான விடை. முத்திரையும் குத்தினேன்.
உறையை ஒட்டப்போகும்போதுதான் கண்டேன்,
கடிதத்தின் அடியில்
பாதிரியார் நுணுக்கி எழுதியிருந்த இன்னொரு வரி:
"அது என்னைப் பார்த்ததா என்றும் கேட்கிறார்."

ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.
பென்சிலை வைத்துவிட்டுப் பேனா எடுத்தேன்.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்:
நீங்கள் கையசைத்தது தெரிந்திருக்காது.
நீங்கள் அங்கே இருப்பது
தெரிந்திருந்தது.