பக்கம் இருபது ரூபாய்

ஊத்துக்கோட்டையில்
சத்தியவேடு பஸ் திரும்புகிற முனையில்
என் டைப்பிங் கடை.
மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வருகிறதென்று
பேரூராட்சிப் பலகையில் ஒட்டிய மறுநாள்
பாலாஜி நகர் வந்தது:
பதினோரு பேர், நாலு பைக்.

"திட்டத்துக்கு நாங்க எதிரி இல்ல"
என்று தொடங்கச் சொன்னார் ரெட்டியார்.
தொடங்கினேன்.
பல் டாக்டர் சுகுணா தொற்று என்றார்.
இன்னொருவர் நிலத்தடி நீர்.
மனை விலை என்று யாரும் சொல்லவில்லை,
நானாகத்தான் 'இதர பாதிப்புகள்' என்று அடித்தேன்.
பின்னால் நின்ற ஒருவர்
எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்தார்:
"வத்து."
அந்தத் தெலுங்குக்கு அரசுத் தமிழ் யோசித்து
'கைவிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்' என்று போட்டேன்.

மூன்றாம் நாள் ஆசிரியர் காலனி.
"அவங்களுக்கு எழுதினதவிடக் காட்டமா."
அதே கோப்பைத் திறந்து
தெருப் பெயரை மாற்றினேன்.
'மாற்று இடம்' பத்தியில்
அதில் இவர்கள் பெயர் இருந்தது,
இதில் அவர்கள் பெயர்.
காட்டத்துக்காக ஒரு 'வன்மையாக' சேர்த்தேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.

பதினைந்து நாளில் ஏழு மனு.
யாரும் வயிற்றைக் கட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.
ராத்திரி பத்துக்கு மேல்
எல்லாத் தெருவிலும் லாரி குழாயை இறக்கியது,
விடியுமுன் ஆரணியாற்றில் கொட்டியது.
என் வீட்டுத் தொட்டியும் அதில்தான் காலியானது.
ஆறாவது மனுவில்
இருபத்துமூன்றாவது கையெழுத்து என்னுடையது.

ஆற்றங்கரை இருளர் குடியிருப்பிலிருந்து
மனு எதுவும் வரவில்லை.
முப்பத்தெட்டு வீடு. பட்டா இல்லை.
வரைபடத்தில் அது 'குடியிருப்புகளற்ற பகுதி'.
அந்த வார்த்தையை நான் அடிக்கவில்லை.
சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

நிலையம் எழும்பியது. நீல வேலி, புங்கங்கன்றுகள்.
திறப்பு விழாவில் ரெட்டியாருக்குச் சால்வை.

போன வாரம் கன்னியம்மா வந்தார்,
பக்கம் எவ்வளவு என்று கேட்டபடி
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு.
இப்போதாவது வந்தார்களே என்று
பழைய கோப்பைத் தேடி எடுத்தேன்.
ஆட்சேபணை, சுகாதாரக் கேடு,
ஈ, கொசு,
எல்லாம் தயாராக இருந்தது.

"அது இல்லைங்க.
அங்க ராத்திரி வேலைக்கு ஆளு எடுக்கறாங்களாம்.
எம் புள்ளைக்கு ஒரு மனு போடணும்."

புதுப் பக்கம் திறந்தேன்.
முகவரி கேட்டேன்.
கதவு எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"அந்த நெலையத்துக்குப் பக்கத்துலன்னு போடுங்க.
இப்பதான எங்க எடத்துக்கு
ஒரு அடையாளம் வந்திருக்கு."